பொறுப்புப் பதிவாளர் நாற்காலி: உட்காருமுன் கேட்க வேண்டியவை

கேள்வி: மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் பேராசிரியராக இருக்கிறேன். வயது 53. பேராசிரியர் ஆகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் பல்கலைக்கழகத்தில் நிரந்தரப் பதிவாளர் இல்லை. பொறுப்புப் பதிவாளராக வரும்படி என்னைக் கேட்கிறார்கள். தேர்வாணையர் இடமும் காலியாக இருப்பதால் “அதையும் கொஞ்ச நாளைக்குச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்கிறார்கள். “அது குமாஸ்தா வேலை, போகாதே” என்கிறார் என் ஆசிரியர். “அதிகாரம் முழுக்க அங்கேதான் இருக்கிறது, விடாதே” என்கிறார்கள் சக பேராசிரியர்கள். யார் சொல்வது சரி? ஏற்றுக்கொண்டால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? பின்னாளில் துணைவேந்தர் பதவிக்கு விண்ணப்பிக்க இது உதவுமா? (பெயர், ஊர் வெளியிட வேண்டாம்.)

பதில்:

அன்புள்ள பேராசிரியருக்கு,

உங்கள் ஆசிரியர் சொல்வது ஒரு காலத்துப் பதிவாளரை, உங்கள் சகாக்கள் சொல்வது இன்னொரு காலத்துப் பதிவாளரை. அந்தப் பதவி இரண்டாகவும் இருந்திருக்கிறது. இப்போது உங்களிடம் நீட்டப்படுவது இரண்டும் சேர்ந்த ஒன்று. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பதிவாளர் பொறுப்பை நிபந்தனைகளோடு ஏற்கலாம். தேர்வாணையர் பொறுப்பைச் சேர்த்து ஏற்க வேண்டாம். காரணம் அந்தப் பதவிகள் வளர்ந்து பிரிந்த விதத்திலேயே இருக்கிறது.

1857 செப்டம்பரில் சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அது பாடம் நடத்தவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைத்தது. கல்லூரிகளைச் சேர்த்துக்கொள்ளும், தேர்வு வைக்கும், பட்டம் கொடுக்கும், அவ்வளவுதான். அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையும் யாழ்ப்பாணத்தார். அவர்களைப் பொறுத்தவரை பல்கலைக்கழகம் என்பது ஒரு தேர்வும் ஒரு பதிவேடும்தான். அந்தப் பதிவேட்டை வைத்திருந்தவர் பதிவாளர். ஆளுநர் வேந்தர். துணைவேந்தர் வேறு பெரிய பதவியில் இருந்துகொண்டே இதைக் கவனித்தவர். முதல் துணைவேந்தர் கிறிஸ்டோபர் ராலின்சன், தலைமை நீதிபதி. ஆகவே அன்றாட வேலை எல்லாம், விண்ணப்பம், கட்டணம், தேர்வு, பட்டமளிப்பு எல்லாமே, பதிவாளர் மேசையில்தான். உங்கள் ஆசிரியர் ‘குமாஸ்தா’ என்று சொல்வதன் வேர் இங்கே இருக்கிறது.

1904இன் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டம் இதை மாற்றியது. சிண்டிகேட்டுக்கு, அதாவது ஆட்சிக்குழுவுக்கு, சட்ட அங்கீகாரம் வந்தது, பல்கலைக்கழகம் தானே பாடம் நடத்தலாம் என்றும் ஆனது. 1915இல் கில்பர்ட் ஸ்லேட்டர் பொருளாதாரப் பேராசிரியராக வந்து சேர்ந்தது போல ஒவ்வொருவராக ஆசிரியர்கள் வந்ததும், பதிவாளருக்குச் சம்பளப் பட்டியல், விடுப்பு, பணிப்பதிவேடு என்று புதிய வேலை முளைத்தது. சிண்டிகேட்டுக்குச் செயலர் என்ற வேலையும் அவர் தலையில் ஏறியது. 1923 சட்டத்துக்குப் பிறகு மன்றங்களும் குழுக்களும் பெருகின. ஒவ்வொன்றுக்கும் அழைப்பு அனுப்ப வேண்டும், பொருள் நிரல் போட வேண்டும், நடவடிக்கைக் குறிப்பு எழுத வேண்டும். பதிவாளரின் உண்மையான செல்வாக்கு இதிலிருந்து வந்ததுதான். எந்தப் பொருள் எந்தக் கூட்டத்துக்கு, எந்த வாசகத்தில் போகிறது என்பது அவர் கையில் இருக்கிறது. உங்கள் சகாக்கள் ‘அதிகாரம்’ என்று சொல்வது இதைத்தான்.

அடுத்தது பிரிவினை. மாணவர் எண்ணிக்கை பெருகப் பெருக, தேர்வும் நிதியும் தனித்தனி அலுவலர்களிடம் போயின. 1980களில் வந்த பல்கலைக்கழகச் சட்டங்களில் பதிவாளர், நிதி அலுவலர், தேர்வாணையர் மூவரும் தனித்தனி அலுவலர்களாகவே வருகிறார்கள். இது வேலைப்பளுவைக் குறைக்க மட்டும் செய்ததல்ல. தேர்வு நடத்துபவர் மீது புகார் வந்தால் விசாரிக்க ஒருவர் வேண்டும், செலவு செய்பவர் கணக்கைச் சரிபார்க்க ஒருவர் வேண்டும். மூன்று கையெழுத்து மூன்று பேருடையதாக இருந்தால்தான் ஒன்றை இன்னொன்று தடுக்கும். பொறுப்பு அலுவலர் முறை பரவியபோது, நூறு ஆண்டாகப் பிரித்ததை ஒரே ஒரு பக்கச் செயல்முறை ஆணையில் திரும்பச் சேர்த்துவிட்டோம். பணம் மிச்சம் என்ற எண்ணத்தில் பல இடங்களில் நடக்கிறது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

இரண்டையும் ஒருவரே வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் அன்றாட உதாரணம். ஒரு மாணவர் தன் விடைத்தாள் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கிறார். மதிப்பிட்ட தன் விடைத்தாளைப் பார்க்கத் தேர்வருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2011இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் சொல்லிவிட்டது. தேர்வுப் பிரிவு ஏதோ காரணம் சொல்லி மறுக்கிறது. மாணவர் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்கிறார். பல பல்கலைக்கழகங்களில் மேல்முறையீட்டு அலுவலர் யார் என்றால் பதிவாளர். அதாவது விடைத்தாள் நகல் கேட்ட கோப்பில் தேர்வாணையராக “மறுக்கலாம்” என்று ஒப்பமிட்ட நீங்களே, பதிவாளராக உட்கார்ந்து அந்த மறுப்பு சரியா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். தகவல் ஆணையத்துக்கு அந்தக் கோப்பு போகும்போது இரண்டு பக்கமும் ஒரே பச்சை மைக் கையெழுத்து. விளக்கம் எப்படிச் சொன்னாலும் எடுபடாது.

தேர்வுப் பிரிவில் பணம் போகும் வழியும் வேறு மாதிரி. விடைத்தாள் மதிப்பீட்டு முகாமுக்கு முன்பணம் எடுப்பார்கள். முகாம் அலுவலர் மாறிப்போவார். ரசீதுகள் ஏதோ ஒரு பீரோவில் கிடக்கும், முன்பணம் கணக்குக் காட்டி நேர்செய்யப்படாமல் ஆண்டுக்கணக்கில் நிற்கும். உள்ளாட்சி நிதித் தணிக்கையில் பல்கலைக்கழகங்கள் மீது எழுதப்படும் தணிக்கைத் தடைகளில், அதாவது கணக்கில் கண்ட குறைக்கு விளக்கம் கேட்கும் குறிப்புகளில், இது வழக்கமான ஒன்று. நீங்கள் எடுக்காத முன்பணமானாலும் பதில் எழுத வேண்டியவர் அந்த நாற்காலியில் இருப்பவர்தான். தடை நிலுவையில் இருந்தால் ஓய்வுபெறும் நாளில் பணிக்கொடையைப் பிடித்து வைப்பதும் நடக்கும். 53 வயதில் இதை யோசிக்க வேண்டும்.

ஆகவே தேர்வாணையர் பொறுப்பை மறுத்துக் கடிதம் எழுதுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் “அவர் ஒப்புக்கொண்டார்” என்றுதான் பிறகு பேச்சு வரும். “இரு பதவிகளும் ஒருவரிடம் இருப்பது மேல்முறையீட்டுக்கும் தணிக்கைக்கும் பொருந்தாது என்பதால், தேர்வாணையர் பொறுப்பை வேறு மூத்த பேராசிரியருக்கு வழங்கக் கேட்டுக்கொள்கிறேன்” என்ற ஒரு வரி போதும். அதையும் மீறி ஆணை வந்துவிட்டால், பொறுப்பேற்கும் அன்றே மதிப்பெண் சான்றிதழ் அச்சிடும் வெற்றுத் தாள்களை எண்ணுங்கள். ஒவ்வொரு தாளிலும் வரிசை எண் இருக்கும். கடைசியாகப் பயன்படுத்திய எண், இருப்புப் பதிவேட்டில் உள்ள எண், பெட்டியில் உள்ள முதல் தாளின் எண் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் வித்தியாசத்தை எழுதி, ஒப்படைப்பவரும் நீங்களும் கையெழுத்திட்டபின் மட்டும் சாவியை வாங்குங்கள்.

இனி பதிவாளர் பொறுப்பு.

ஆணையில் மூன்று விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும். எந்தச் சட்டப் பிரிவின்கீழ், எந்த அதிகார அமைப்பின் தீர்மானப்படி உங்களை நியமிக்கிறார்கள் என்பது ஒன்று. உங்கள் பல்கலைக்கழகச் சட்டத்தில் பதிவாளரை நியமிப்பவர் ஆட்சிக்குழு என்றிருந்தால், துணைவேந்தரின் அவசர அதிகாரத்தில் வந்த ஆணையை அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்தில் வைத்து ஒப்புதல் பெற்றாக வேண்டும். அந்த ஒப்புதல் தேதி உங்கள் கோப்பில் இல்லையென்றால், நீங்கள் போட்ட கையெழுத்துகளையே பின்னால் யாராவது கேள்வி கேட்பார்கள். இரண்டாவது, முடிவுத் தேதி. ‘மறு உத்தரவு வரும்வரை’ என்பது முடிவுத் தேதி அல்ல; ஆறு மாதம் என்று எழுதச் சொல்லுங்கள், வேண்டுமானால் நீட்டிக்கட்டும். மூன்றாவது, உங்கள் பேராசிரியர் பணியிடத்தின் மீதான உரிமை தொடர்கிறது, இது ‘முழுக் கூடுதல் பொறுப்பு’ மட்டுமே என்ற வாசகம். இதன் அருமை துணைவேந்தர் விண்ணப்பம் போடும்போது தெரியும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சம்பளத்தில் எதிர்பார்ப்பு வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் ஊதிய அமைப்பில் பேராசிரியரும் பதிவாளரும் ஒரே நிலை 14தான், தொடக்க அடிப்படை 1,44,200 ரூபாய். கூடுதல் பொறுப்புக்குப் படி உண்டா, எவ்வளவு என்பது உங்கள் பல்கலைக்கழக விதியைப் பொறுத்தது.

முதல் வாரத்தில் நான் முதலில் கேட்கச் சொல்வது நிலுவை வழக்குகளின் பட்டியல். ரிட் மனுக்களில் பதிவாளர் பதவிப் பெயரால்தான் எதிர்மனுதாரர். உத்தரவை நிறைவேற்றாததற்காக வரும் நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் மட்டும் பெயர் சொல்லி அழைப்பார்கள், அன்றைக்கு நாற்காலியில் இருப்பவரின் பெயரை. வழக்கமாக வரும் உத்தரவு ஒன்று உண்டு: “மனுதாரரின் கோரிக்கையை, உத்தரவு நகல் கிடைத்த நாளிலிருந்து எட்டு வாரத்துக்குள் பரிசீலித்துச் சட்டப்படி முடிவெடுக்க வேண்டும்.” பார்க்கச் சாதாரணமாக இருக்கும். நகல் தபாலில் வரும், தபால் பிரிவு முத்திரை குத்தும், சட்டப் பிரிவுக்குப் போகும், அங்கிருந்து சம்பந்தப்பட்ட பிரிவுக்குக் ‘குறிப்புரை கேட்டு’ போகும். ஆறாவது வாரத்தில் அந்தப் பிரிவின் கண்காணிப்பாளர் விடுப்பில் இருப்பார். ஒன்பதாவது வாரத்தில் அவமதிப்பு அறிவிக்கை வரும்போதுதான் கோப்பு உங்கள் மேசைக்கு முதல்முறையாக வருகிறது. எட்டு வாரம் எண்ணத் தொடங்குவது தபால் முத்திரைத் தேதியிலிருந்து. கோப்பு உங்களிடம் வந்த தேதியிலிருந்து அல்ல. ஆகவே உத்தரவு வரும் எந்த வழக்கானாலும், தபால் பிரிவிலிருந்து ஒரு நகல் நேராக உங்கள் மேசைக்கு அன்றே வரவேண்டும் என்று முதல் நாளே சுற்றறிக்கை போடுங்கள். தனி நீதிபதியின் உத்தரவுக்கு மேல்முறையீடு செய்வதானால் 30 நாள்தான் காலம். அதற்கும் இந்த நகல்தான் உதவும்.

அடுத்து சாவிகள். இரும்புச் சாவி மட்டும் அல்ல. முந்தைய பதிவாளர் பெயரில் ஒரு மின்னணுக் கையொப்ப டோக்கன் இருக்கும், பென் டிரைவ் போல. மின் ஒப்பந்தப்புள்ளித் தளத்தில் விலைப்புள்ளிகளைத் திறக்க அதுதான் வேண்டும். அவர் பெயரிலான டோக்கனை, கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, உங்களிடம் கொடுத்துவிட்டுப் போவது பல அலுவலகங்களில் நடக்கிறது. வாங்காதீர்கள். அவர் கையெழுத்தை நீங்கள் போடுவதற்குச் சமம் அது. ரத்து செய்து, உங்கள் பெயரில் புதிதாக வாங்குங்கள். அதுவரை ஒப்பந்தப்புள்ளி திறக்கும் தேதியைத் தள்ளிவைக்கலாம், தவறில்லை. வங்கிக் கையெழுத்து மாற்றத்துக்கும் இதே கண்டிப்பு வேண்டும்.

ஒப்பந்தப்புள்ளி என்றதும் இன்னொன்று. தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மை விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்கு விலைப்புள்ளி தாக்கல் செய்யக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைத்தால் மேல்நிலை அதிகாரி காரணம் எழுதி அனுமதித்திருக்க வேண்டும். “பட்டமளிப்பு விழா நெருங்கிவிட்டது” என்று எட்டு நாள் அவகாசத்தோடு ஒரு கோப்பு உங்களிடம் வரும். விழா நாள் பல வாரம் முன்பே தெரியும், எனவே அவசரம் என்ற காரணம் தணிக்கையில் நிற்காது.

ஆட்சிக்குழுச் செயலராக நீங்கள் செய்யும் வேலையில் கோளாறு வருவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, கூட்டம் தொடங்கியபின் மேசையில் வைக்கப்படும் பொருள்கள். முன்கூட்டிச் சுற்றுக்கு விடாமல், படிக்க நேரம் தராமல், பதவி உயர்வு, நியமனம், கட்டண மாற்றம் போன்றவை இந்த வழியில் நுழையும். வேண்டாம் என்று தடுக்க உங்களுக்கு அதிகாரம் இருக்காது. ஆனால் “இப்பொருள் கூட்டத்தின்போது மேசையில் வைக்கப்பட்டது” என்று நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. இரண்டு, குறிப்பு எழுதும் தாமதம். கூட்டம் முடிந்து மூன்று வாரம் கழித்து எழுதினால் ஒவ்வொருவர் நினைவும் ஒரு மாதிரி இருக்கும். 48 மணி நேரத்துக்குள் வரைவை உறுப்பினர்களுக்கு அனுப்பிவிடுங்கள். மாற்றுக் கருத்து சொன்ன உறுப்பினரின் பெயரையும் சொன்ன வாசகத்தையும் சுருக்காமல் எழுதுங்கள்.

துணைவேந்தர் இல்லாமல் ஒருங்கிணைப்புக் குழு நிர்வாகம் நடத்தும் காலமாக இருந்தால் சிக்கல் கூடும். குழுத் தலைவர் பெரும்பாலும் உயர்கல்வித் துறைச் செயலர், தலைமைச் செயலகத்தில் இருப்பார். வளாகத்தில் எல்லோரும் உங்களைத்தான் பார்ப்பார்கள், உங்களையே துணைவேந்தராக நினைத்துக்கொண்டு பேசுவார்கள். சட்ட அதிகாரம் குழுவிடம்தான். தொலைபேசியில் கிடைக்கும் “சரி, செய்யுங்கள்” என்பதற்கு அன்றே கோப்பில் குறிப்பு எழுதி, ஒப்பம் கேட்டு அனுப்புங்கள்.

இந்த நிலை ஏன் இவ்வளவு நீடிக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்: நியமன அதிகாரம் யாருடையது என்ற சண்டை. ஆளுநர் கிடப்பில் வைத்த சட்டமுன்வடிவுகளுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருத வேண்டும் என்று 2025 ஏப்ரல் 8இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவற்றில் துணைவேந்தரை நியமிக்கும் அதிகாரத்தை அரசுக்கு மாற்றிய பிரிவுகளுக்கு மே 21இல் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. உங்கள் ஆறு மாதப் பொறுப்பு நீள வாய்ப்பு உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன். ஏ. லட்சுமணசாமி முதலியார் 1942 முதல் 1969 வரை சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். 27 ஆண்டு. அந்த நாளில் பழைய முடிவு ஏன் எடுக்கப்பட்டது என்று அவரிடமே கேட்டுவிடலாம். இன்று துணைவேந்தருக்கு மூன்று ஆண்டு, பொறுப்புப் பதிவாளருக்குச் சில மாதம். மத்தியப் பல்கலைக்கழகங்களில் பதிவாளருக்கு ஐந்தாண்டு, 62 வயது வரை என்று சட்டமே உறுதி தருகிறது. மாநிலத்தில் அந்த வசதி குறைவு. ஆகவே பழைய நினைவெல்லாம் பிரிவு அலுவலர்களிடமும் கண்காணிப்பாளர்களிடமும்தான். அவர்களில் யார் அடுத்த ஓராண்டில் ஓய்வுபெறுகிறார்கள் என்ற பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அது ஆட்சிக்குழு உறுப்பினர் பட்டியலைவிடப் பயன்படும்.

நிதி உங்கள் வேலை இல்லை என்றாலும் ஒரு கணக்கை மட்டும் நிதி அலுவலரிடம் கேளுங்கள்: மொத்த வரவில் அரசு மானியம் எத்தனை சதவீதம்? 50 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனம் என்ற வகையில் வருமான வரி விலக்கு எளிதாகக் கிடைக்கும். மானியம் குறைந்து, தொலைநிலைக் கல்விக் கட்டணமும் கல்லூரி இணைப்புக் கட்டணமும் பெருகி, அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் விலக்குக்கு வேறு வழி தேட வேண்டும். விட்டுவிட்டால் வரிக் கோரிக்கை வரும். கட்டாவிட்டால் வங்கிக் கணக்கு முடங்கும், அந்த மாதச் சம்பளமும் நிற்கும். சம்பளம் எங்கே என்று கேட்டு எல்லோரும் வரும் அறை பதிவாளர் அறைதான்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி துணைவேந்தருக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியராகப் பத்தாண்டு அனுபவம் வேண்டும், அல்லது பெயர்பெற்ற ஆய்வு அல்லது கல்வி நிர்வாக அமைப்பில் பத்தாண்டும் கல்வித் தலைமைக்கான சான்றும் வேண்டும். மாநிலச் சட்டம் வேறு சொன்னாலும் விதிமுறையை மீறிய நியமனம் செல்லாது என்று 2022 மார்ச்சில் குஜராத்தின் சர்தார் படேல் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களுக்கு இன்னும் நான்கு ஆண்டு தேவை. கூடுதல் பொறுப்பாக இருக்கும்வரை நீங்கள் பேராசிரியர்தான், அந்த ஆண்டுகள் கணக்கில் சேரும். முழுநேரப் பதிவாளராக விண்ணப்பித்துத் தேர்வாகிப் போனால் அது பேராசிரியர் பணியா என்ற கேள்வி எழும். ‘முழுக் கூடுதல் பொறுப்பு’ என்ற வாசகத்தை வற்புறுத்தச் சொன்னது இதற்காகத்தான். 2025 ஜனவரியில் மானியக் குழு வெளியிட்ட வரைவு, தொழில்துறை, பொது நிர்வாகம் ஆகியவற்றிலிருந்து வருபவர்களுக்கும் கதவைத் திறக்கப் பார்த்தது; தமிழ்நாடு சட்டமன்றம் அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. வரைவை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

துணைவேந்தர் பதவிக்குப் பெயர்களைப் பரிந்துரைக்கும் தேடுதல் குழு உங்கள் பதிவாளர் அனுபவத்தைப் பார்க்கும், உண்மைதான். கூடவே உங்கள் பெயரில் அவமதிப்பு வழக்கு உண்டா, தணிக்கைத் தடை உண்டா என்பதையும் யாராவது ஒருவர் அந்தக் குழுவுக்கு எழுதிப்போடுவார். மேலே சொன்ன கெடுபிடிகள் அப்போது கைகொடுக்கும்.

கையொப்பமிடுமுன் உங்கள் ஆய்வு மாணவர்களைக் கூப்பிட்டுப் பேசிவிடுங்கள். பேராசிரியருக்கு எட்டுப் பேர் வரை இருக்கலாம் என்பதால் உங்களிடமும் ஐந்தாறு பேராவது இருப்பார்கள். இந்த ஆண்டு ஆய்வேடு தர வேண்டியவர் யார், உதவித்தொகைப் படிவத்தில் மாதந்தோறும் உங்கள் கையெழுத்துக்குக் காத்திருப்பவர் யார் என்று குறித்துக்கொண்டு, வாரத்தில் ஒரு பிற்பகலை அவர்களுக்கென்று ஒதுக்கி, அந்த நேரத்தை உங்கள் புதிய அறையின் நேர்முக உதவியாளரிடம் முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.